ரிட்டையர் ஆனதும் ரோடுதான் வீடு... எந்த வண்டியை வாங்குவது? அமெரிக்கத் தாத்தா பாட்டிகளின் கணக்கு!

வயது 60 தாண்டியாச்சு. பிள்ளைகள் செட்டில். வேலையிலிருந்து ஓய்வு. நம்ம ஊரில் இந்தக் கட்டத்தில் ஈஸி சேர், காலை வாக்கிங், பேரக்குழந்தையை ஸ்கூலில் விடுவது என்று வாழ்க்கை ஓர் இடத்தில் உட்காரும். அமெரிக்காவில் ஒரு கூட்டம் சரியாக இந்த நேரத்தில்தான் வீட்டை விற்றுவிட்டு வண்டியில் ஏறிக் கிளம்புகிறது. டூர் இல்லைங்க. திரும்பி வருவதற்கு வீடே கிடையாது. சமையல், தூக்கம், குளியல், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கிறிஸ்துமஸ் எல்லாமே வண்டியில்தான். இவர்களுக்கு 'ஃபுல்-டைமர்' என்று பெயர். வண்டிக்கு 'ஆர்.வி', அதாவது ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்.

இன்ஸ்டாவில் 'வேன் லைஃப்' என்று தேடினால் இருபத்தைந்து வயதுப் பசங்கதான் வருவார்கள். ஆனால் ரீல்ஸ் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாடியே இதை ஆரம்பித்தவர்கள் தாத்தா பாட்டிகள். இவர்களுக்கான 'எஸ்கேப்பீஸ்' கிளப் 1978-லேயே தொடங்கப்பட்டது. எல்லோரும் ஆசைப்பட்டுக் கிளம்பியவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேறு வழியில்லாமல் வேனில் குடியேறியவர்களைப் பற்றித்தான் ஜெசிக்கா புரூடர் 2017-ல் 'நோமேட்லாண்ட்' புத்தகத்தை எழுதினார். அதை வைத்து க்ளோயி ஸாவ் எடுத்த படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

ஆசையோ கட்டாயமோ, முதல் கேள்வி ஒன்றுதான். எந்த வண்டி? 30 வயதில் தப்பான வண்டி வாங்கினால் விற்றுத் தொலைச்சுட்டு வேலைக்குப் போயிடலாம். 65 வயதில் வீட்டை விற்ற காசைப் போட்டு வாங்கினால் அந்தக் கதை நடக்காது. வீட்டின் விலை பொதுவாக ஏறும். வண்டியின் விலை ஷோரூம் கேட்டைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து இறங்கும்.

இன்ஜின் உள்ளது, இன்ஜின் இல்லாதது

ஆர்.வி உலகம் இரண்டு ஜாதி. ஒன்று, தானே ஓடும் மோட்டார்ஹோம். இன்னொன்று, வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு போகும் ட்ரெய்லர்.

மோட்டார்ஹோமில் மூன்று கிளாஸ். 'கிளாஸ் ஏ' என்பது பார்க்க நம்ம ஆம்னி பஸ் மாதிரி இருக்கும். 26 அடியிலிருந்து 45 அடி வரை நீளம். நம்ம டவுன் பஸ்ஸே சுமார் 40 அடிதான் என்பதை மனசில் வெச்சுக்கோங்க. பெட்ரோல் மாடல்களில் இன்ஜின் முன்னால் இருக்கும். டீசல் மாடல்களில் பெரும்பாலும் பின்னால் இருக்கும், அதனால் 'டீசல் புஷர்' என்பார்கள். பின்னால் இன்ஜின் இருந்தால் ஓட்டும்போது சத்தம் குறைவு, மலை ஏறத் தெம்பு அதிகம், விலையும் சர்வீஸ் பில்லும் அதைவிட அதிகம்.

'கிளாஸ் பி' என்பது வேன். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்டு ட்ரான்ஸிட், ராம் ப்ரோமாஸ்டர் மாதிரியான சரக்கு வேன்களுக்குள் கட்டில், அடுப்பு, டாய்லெட்டைத் திணித்திருப்பார்கள். சாதாரண பார்க்கிங்கில் பெரும்பாலும் அடங்கும், லிட்டருக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் தரும். பெரிய கிளாஸ் ஏ-யில் 3, 4 கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம். இரண்டுக்கும் நடுவில் 'கிளாஸ் சி'. முன்பக்கம் வேன், பின்பக்கம் பெட்டி, டிரைவர் தலைக்கு மேலே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு படுக்கை. அமெரிக்கா போனவர்கள் சாலையில் அதிகம் பார்த்திருப்பது இதைத்தான். வாடகைக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ட்ரெய்லரில் இரண்டு முக்கியம். 'ட்ராவல் ட்ரெய்லர்' வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவது. வெள்ளி நிறத்தில் உருண்டையாக மின்னுமே, அந்த ஏர்ஸ்ட்ரீம் இந்த வகை. 'ஃபிஃப்த் வீல்' கொஞ்சம் வேறு. இதன் முன்பக்கம் பிக்அப் டிரக்கின் தொட்டி மேலேயே ஏறி உட்காரும். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் தலையும் உடலும் சேருமே, அதே டெக்னிக். பாரம் டிரக்கின் பின் அச்சு மேல் இறங்குவதால், பக்கவாட்டுக் காற்று அடித்தாலும் ட்ராவல் ட்ரெய்லர் அளவுக்கு ஆடாது. இவை தவிர டிரக் தொட்டியிலேயே தூக்கி வைக்கும் 'டிரக் கேம்பர்' ஒன்று உண்டு. தனியாளுக்கும் சாகசக்காரர்களுக்கும் சரி. முட்டிவலி உள்ள தம்பதிக்கு நான் சொல்ல மாட்டேன்.

வண்டி ரிப்பேர்னா வீடும் ரிப்பேர்

ஷோரூமில் யாரும் முதலில் சொல்லாத விஷயம் இது. மோட்டார்ஹோமில் கியர்பாக்ஸ் போனால், மெக்கானிக் ஷெட்டுக்குப் போவது உங்கள் வீடு. கட்டில், சமையலறை, மாத்திரை டப்பா எல்லாம் உள்ளே. ஸ்பேர் பார்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றால் மூன்று வாரம் லாட்ஜ்தான். ட்ரெய்லரில் அப்படி இல்லை. டிரக் ரிப்பேர் ஆனால் டிரக் மட்டும் போகும், வீடு கேம்ப் கிரவுண்டிலேயே நிற்கும். டிரக் பழசானால் டிரக்கை மட்டும் மாற்றலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பெரிய மோட்டார்ஹோமை ஓர் இடத்தில் நிறுத்தி, கரன்ட், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டின பிறகு, பால் வாங்க எப்படிப் போவது? 40 அடி பஸ்ஸை எடுத்துக்கொண்டா? அதனால் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துப் போவார்கள். இழுக்கப்படும் இந்தக் காருக்குச் செல்லப் பெயர் 'டோட்'. ஆங்கிலத்தில் 'இழுக்கப்பட்டது' என்பதற்கும் 'தேரை'க்கும் ஒரே உச்சரிப்பு, அந்தக் குறும்பு. ஆனால் தேரைக்கும் தனி இன்ஷூரன்ஸ், தனி டயர், தனி சர்வீஸ்.

மழை கொட்டும் ராத்திரியில் புது ஊரில் போய் நிற்கும்போது மோட்டார்ஹோம் ஜெயிக்கும். சீட்டிலிருந்து எழுந்து அப்படியே பின்னால் நடந்து போய்ப் படுத்துவிடலாம். ட்ரெய்லர்காரர்கள் நனைந்துகொண்டே இறங்கிப் போக வேண்டும். தனியாகப் பயணிக்கும் பெண்கள் பலர் வேனையும் கிளாஸ் சி-யையும் விரும்புவதற்கு இது ஒரு நல்ல காரணம். பிடிக்காத இடம் என்றால் கீழே இறங்காமலேயே கிளம்பிவிடலாம்.

என் கணக்கு இப்படி: ஓர் இடத்தில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு ஃபிஃப்த் வீல், வாரம் இரண்டு முறை இடம் மாறுபவர்களுக்கு கிளாஸ் சி அல்லது பி. கிளாஸ் ஏ, பணமும் பொறுமையும் இரண்டும் உள்ளவர்களுக்கு.

ஸ்டிக்கரில் இருக்கு சூட்சுமம்

பாதுகாப்பு விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது எடையில்தான். ஒவ்வொரு வண்டியிலும் 'ஜி.வி.டபிள்யூ.ஆர்' என்று ஒரு எண் இருக்கும். வண்டி, ஆட்கள், சாமான், தண்ணீர், எரிபொருள் எல்லாம் சேர்த்துத் தாண்டவே கூடாத எடை. மோட்டார்ஹோமில் கதவுப் பக்கம் இன்னொரு ஸ்டிக்கரும் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள்.

ஒரு கிளாஸ் சி-யில் அந்த எண் 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடேங்கப்பா, தாராளம் என்று தோணும். கழிச்சுப் பாருங்க. இரண்டு பேர், 140 கிலோ. நல்ல தண்ணீர் டேங்க் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. மீதி 390. இதற்குள் பாத்திரம், துணி, கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி, குளிர்காலக் கோட்டு, பேட்டரி, சைக்கிள், நாய், நாய்க்குத் தீனி. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இது ஏராளம். ஒரு ஆயுளின் சாமானுக்கு இது ரொம்பக் குறைச்சல். தாண்டினால் டயர் வெடிக்கும், பிரேக் பிடிக்காது.

ஃபிஃப்த் வீலில் கணக்கு வேறு மாதிரி. ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் மேல் இறங்கும். 6,800 கிலோ ட்ரெய்லர் என்றால் 1,360 கிலோ. 'இந்த டிரக் இத்தனை டன் இழுக்கும்' என்று விளம்பரம் சொல்லும். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. அமெரிக்காவில் சாதாரணமாக ஓடும் 'ஹாஃப் டன்' பிக்அப்களில் பலவற்றால் 700 முதல் 900 கிலோ வரைதான் சுமக்க முடியும். அதனால்தான் பெரிய ஃபிஃப்த் வீல் வைத்திருப்பவர்கள் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 மாதிரி 'ஒன் டன்' டிரக்குகளுக்குப் போகிறார்கள். ட்ரெய்லருக்கு பட்ஜெட் போட்டுவிட்டு, டிரக்குக்கு அதே அளவு பணம் வேணும் என்று அப்புறம் தெரிந்துகொள்வது சோகம். அனுபவஸ்தர்கள் சொல்லும் வரிசை: முதலில் வீட்டைத் தீர்மானி, அந்த வீட்டைச் சுமக்கும் டிரக்கை அப்புறம் வாங்கு.

ஏற்றின பிறகு சந்தேகம் இருந்தால், நெடுஞ்சாலை ஓர டிரக் ஸ்டாப்களில் எடை மேடை இருக்கும். சில டாலர் கொடுத்தால் அச்சு அச்சாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள்.

லைசென்ஸ் விஷயமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான ஆர்.வி-களுக்குச் சாதாரண லைசென்ஸே போதும். ஆனால் 26,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 11,800 கிலோவுக்கு மேல் போனால் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தனி வகை லைசென்ஸ் கேட்கும்.

படுத்துப் பாருங்க, குளிச்சுப் பாருங்க

ஷோரூமில் லைட்டு, சோஃபா, மார்பிள் மாதிரி ஒட்டின ஷீட்டு எல்லாம் ஜொலிக்கும். அதையெல்லாம் விடுங்க. ஷூவைக் கழட்டிட்டு கட்டிலில் இரண்டு பேரும் படுக்கணும். ராத்திரி மூணு மணிக்குச் சுவர்ப் பக்கம் படுத்திருப்பவர் பாத்ரூம் போக வேண்டும் என்றால், அடுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டுமா? 60 வயதுக்கு மேல் இது தினசரிப் பிரச்னை. இரண்டு பக்கமும் இறங்கும்படி இடம்விட்ட கட்டில் இருந்தால் பாதி சண்டை இல்லை.

அடுத்து பாத்ரூம். பல வேன்களில் டாய்லெட்டும் ஷவரும் ஒரே சின்ன அறை. குளித்தால் டாய்லெட் சீட் வரை நனையும். நம்ம ஊர் பாத்ரூமில் வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. அமெரிக்கர்களுக்குத்தான் கஷ்டம். ஷவரில் நின்று கையைத் தூக்கித் தலை தேய்க்க முடிகிறதா என்று துணியோடேயே நின்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரிய வண்டிகளில் 'ஸ்லைடு-அவுட்' இருக்கும். நிறுத்தின பிறகு பட்டனைத் தட்டினால் ஒரு பக்கச் சுவர் வெளியே நகர்ந்து ஹால் பெரிசாகும். செம வசதி. ஆனால் அதை உள்ளே இழுத்த நிலையில் கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் டாய்லெட்டுக்கும் போக முடிகிறதா என்று பார்த்தே ஆகணும். சில மாடல்களில் முடியாது. வழியில் அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால்கூட முழு வீட்டையும் விரித்தால்தான் பாத்ரூம் என்ற நிலை.

இதெல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இரண்டு பேரும் ஓட்டக்கூடிய வண்டியா? பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர்தான் ஓட்டுவார், இன்னொருவர் மேப் பார்ப்பார். ஓட்டுபவருக்கு நெவாடா பாலைவனத்தில் நெஞ்சு வலித்தால்? கண்புரை ஆபரேஷன் என்றால்? டிரக்கிலிருந்து ட்ரெய்லரைக் கழற்றி மாட்ட பலம் வேணும், பழக்கமும் வேணும். இருவரில் யாருக்கு ஓட்டத் தைரியம் குறைவோ, அவரால் ஆஸ்பத்திரி வரை ஓட்ட முடிகிற வண்டிதான் சரியான அளவு. இந்த ஒரு அளவுகோலிலேயே 40 அடி கனவுகள் பல 25 அடியாகச் சுருங்கிவிடும்.

நீளத்துக்கு ஏற்ற இடம்

நீளம் கூடினால் போகும் இடம் குறையும். மொன்டானாவின் கிளேஸியர் தேசியப் பூங்காவில் 'கோயிங்-டு-தி-சன்' என்று ஒரு மலைச்சாலை. அதன் முக்கியப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கிளாஸ் பி-யில் சில மாடல்கள் போகலாம், மற்றவர்கள் கீழே நிறுத்திவிட்டுத் தேரையில்தான் போகணும். பழைய தேசியப் பூங்காக்களின் கேம்ப் கிரவுண்டுகள் பலவும் இத்தனை பெரிய வண்டிகள் வரும் என்று யாரும் நினைக்காத காலத்தில் போட்டவை.

62 வயதாகிவிட்டால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் 80 டாலரில் ஆயுளுக்கும் செல்லும் சீனியர் பாஸ் உண்டு. எல்லா தேசியப் பூங்காவுக்கும் நுழைவு இலவசம், மத்திய அரசின் பல கேம்ப் கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். இது தவிர, மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை வசம் உள்ள பொது நிலத்தில் பல இடங்களில் காசே இல்லாமல் நிறுத்தலாம். பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை. கரன்ட், குழாய் எதுவும் கிடையாது. இப்படித் தங்குவதற்கு 'பூன்டாக்கிங்' என்று பெயர்.

குளிர்காலத்தில் இந்தக் கூட்டத்தின் தலைநகரம் அரிசோனாவின் குவார்ட்சைட். பாலைவனத்தில் ஒரு குட்டி ஊர், குளிர் வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆர்.வி-கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கான அரசு பெர்மிட் நீண்ட காலமாக 180 டாலராகத்தான் இருந்தது. ஏழு மாத வாடகை, நம்ம காசுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் சொச்சம்! அந்த ஊரின் பெரிய அடையாளம், உச்சியில் ஒட்டகம் நிற்கும் ஒரு சின்ன பிரமிட். 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தபோது கூடவே வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரரின் சமாதி அது.

இந்த மாதிரி இடத்தில் தங்கத்தான் ஆசை என்றால் டேங்க் அளவும் பேட்டரியும்தான் உங்கள் அளவுகோல். பெரும்பாலான ஆர்.வி-களில் மூன்று டேங்க்: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவி குளித்த தண்ணீர், டாய்லெட் கழிவு. எது முதலில் நிரம்புகிறதோ அன்றைக்கு வண்டியைக் கிளப்பணும், அதைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடத்துக்குப் போகணும். கையுறை மாட்டி, குழாயைச் சொருகி, நீங்களேதான் கொட்டணும். ரீல்ஸில் இது வராது.

கரன்ட் கணக்கும் சுலபம்தான். கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யு ஏசி, நம்ம பாஷையில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். 400 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாள் முழுக்கத் தருவது இரண்டு யூனிட்டுக்குள். அதை வைத்து ஏசி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. ஃபேன், லேப்டாப், லைட்டு, சின்ன ஃபிரிட்ஜ் ஓடும். அதனால் பூன்டாக்கிங் பெரியவர்கள் ஏசியை நம்புவதில்லை. கோடையில் வடக்கே, மலை மேலே. குளிர்காலத்தில் தெற்கே. கேம்ப் கிரவுண்ட் கரன்ட்டில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை உண்டு. 30-ல் 3,600 வாட், அதாவது ஒரு ஏசியும் ஓடும்போது மைக்ரோவேவும் ஹீட்டரும் போட்டால் டப்பென்று போய்விடும். இரண்டு ஏசி வைத்த வண்டிகளுக்கு 50 வேணும்.

வீடே இல்லாதவருக்கு எந்த ஊர்?

வண்டிக்குப் பதிவு, லைசென்ஸ், வரி, ஓட்டு எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேணும். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா மூன்றும்தான் ஃபுல்-டைமர்களின் ஃபேவரைட். தபாலை வாங்கி, நீங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவைகள் இந்த மாநிலங்களில் நிறைய.

65 வயதில் வரும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய 'ஒரிஜினல் மெடிக்கேர்' அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் நாடு முழுக்கச் செல்லும். தனியார் வழியாக வரும் 'மெடிக்கேர் அட்வான்டேஜ்' திட்டங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து டாக்டர்களோடு கட்டிப்போடும். எப்போதும் நகர்ந்துகொண்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிசு. அதேபோல வண்டி இன்ஷூரன்ஸிலும் 'இதில்தான் குடியிருக்கிறேன்' என்று சொல்லி ஃபுல்-டைமர் பாலிசி எடுக்கணும். பல கம்பெனிகளின் வாரன்டியில் முழுநேரம் குடியிருந்தால் செல்லாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதைத் தேடிப் படிச்சிடணும்.

புதுசா, பழசா?

முதல் வண்டிக்குப் பழசே மேல் என்பது என் கட்சி. முதல் சில வருட விலைச் சரிவை வேறு யாரோ ஏற்கெனவே தாங்கியிருப்பார்கள். பழசில் எதிரி மைலேஜ் இல்லை, தண்ணீர்தான். கூரை ஓரத்திலும் ஜன்னல் ஓரத்திலும் ஒட்டின பசை விரிந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால், சுவர்ப் பலகை உள்ளுக்குள் ஊறி உளுத்துப்போகும். கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாசம் வருகிறதா, வெளிச்சுவர் எங்காவது உப்பியிருக்கிறதா, மூலையில் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரில் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ஏன்னா ஓடியது குறைவு. ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் படித்தால் தெரியும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். ஏழு வருடம் தாண்டினால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளலாம். சில நூறு டாலர் கொடுத்தால் வண்டியைச் சோதித்துத் தர இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், வாடகைக்கு எடுத்து இரண்டு வாரம் வாழ்ந்து பார்ப்பது. வசந்தகாலத்தில் இல்லை, மழையோ குளிரோ உள்ள மாதத்தில். 200 சதுர அடிக்குள் வெளியே போக முடியாமல் மூன்று நாள் இரண்டு பேரும் அடைந்து கிடந்தால்தான் நிஜம் தெரியும்.

இறங்கும் நாள்

வண்டியில் ஏறும்போதே இறங்கும் வழியையும் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் வீட்டை விற்காமல் முதல் ஒரு வருடம் வாடகைக்கு விடுகிறார்கள். சிலர் ஆர்.வி நிறுத்துவதற்கென்றே ஒரு துண்டு நிலத்தை வாங்கிப் போடுகிறார்கள், வண்டி ஓட முடியாத காலத்தில் அங்கே போய் நிறுத்திக்கொள்ள. இந்த இடத்திலும் ஃபிஃப்த் வீலுக்கு ஒரு சாதகம் உண்டு. ஓட்ட முடியாமல் போனால் டிரக்கை விற்றுக் காசாக்கலாம், வீடு அப்படியே நிற்கும்.

டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில், எஸ்கேப்பீஸ் கிளப்பின் தலைமையகத்தை ஒட்டி 'கேர்' என்று ஒரு மையம் இருக்கிறது. வயதாலோ நோயாலோ இனிமேல் பயணம் போக முடியாத ஃபுல்-டைமர்களுக்கானது. அங்கே முதியோர் இல்லத்துக் கட்டில் கிடையாது. அவரவர் வண்டியை நிறுத்திக்கொண்டு அதிலேயே இருக்கலாம். சாப்பாடு வரும், டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் வரும், துணி துவைக்க உதவி உண்டு. அதற்கும் நேர்ந்துகொண்டுதான் வண்டி பார்க்கணும். ஏறும் படி எத்தனை, கைப்பிடி எங்கே, வாக்கரோடு கதவைத் தாண்ட முடியுமா என்று 62 வயதில் ஷோரூமில் நின்று பார்ப்பவர்களைப் பார்த்தால் விற்பனையாளர்கள் சிரிக்கலாம். 78 வயதில் அந்தப் படியில் ஏறப்போவது விற்பனையாளர் இல்லை.